கன்புங்கியும் குச்சிக்கிழங்கு மாவும்

ஏழு ஞாயிற்றுக்கிழமைகளும், ஐந்து கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கோழிக்கறியும், கணக்கில் எழுதாமல் விட்ட எண்ணெயும் செலவான பிறகு, தருமபுரியில் எங்கள் வீட்டு அடுப்பில் சென்ற வாரம் கன்புங்கி ஒருவழியாகக் கன்புங்கியாக வந்தது. கடித்தவுடன் மொறுக்கென்று உடைந்தது. உள்ளே கறி சாறு குன்றாமல் இருந்தது. தட்டில் எடுத்துவைத்துக் கால் மணி நேரம் ஆன பின்னும் அடியில் ஒரு துளி குழம்பு தேங்கவில்லை. அளவுகளும் பிழைகளும் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கன்புங்கி என்பது கொரியாவில் உள்ள சீன உணவகங்களில் கிடைக்கும், பூண்டும் மிளகாயும் போட்டுப் புரட்டிய வறுத்த கோழி. பெயரைத் தமிழில் எழுதுவது சற்றுச் சங்கடமானது. ‘அன்பு’ என்னும் சொல்லில் வரும் மெல்லிய ‘பு’வாக அதை வாசித்துவிடக் கூடாது, ‘உப்பு’ என்பதில் வருவதுபோல அழுத்தி ஒலிக்க வேண்டும். என் மாணவிகளில் பாதிப் பேர் கொரியத் தொடர்களைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருகிறவர்கள் என்பதால், கொரியக் கோழி என்று சொன்னவுடன் அவர்கள் நினைவுக்கு வருவது, மிளகாய் விழுதும் இனிப்புப் பாகும் பூசிச் சிவப்பாகப் பளபளக்கும் வேறொரு பண்டம். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் ஏங்கியது அதற்கு அன்று.

2014ஆம் ஆண்டு, ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காக நான் இன்சியோன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஆய்வுக் குழுவில் இரவு நேரம் ஆகிவிட்டால் யாராவது ஒருவர் சீன உணவகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார்; இருபது நிமிடத்துக்குள் ஒருவர் உலோகப் பெட்டியோடு இரு சக்கர வண்டியில் வந்து இறங்கி, கண்ணாடித் தாள் இறுக்கிச் சுற்றிய கிண்ணங்களை மேசையில் அடுக்கிவிட்டுப் போவார். சாப்பிட்ட கிண்ணங்களைக் கழுவக்கூட வேண்டியதில்லை, கதவுக்கு வெளியே வைத்துவிட்டால் அவரே திரும்பி வந்து எடுத்துக்கொள்வார் என்பது, எச்சில் பாத்திரத்தை வாசலில் வைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்த எனக்கு முதல் சில வாரங்கள் கூச்சமாகவே இருந்தது. எப்போதும் வரவழைப்பவை இரண்டு: கறுப்பு அவரை விழுதில் புரட்டிய ஜாஜாங்மியோன் என்னும் நூடுல்ஸ், மாவில் தோய்த்து வறுத்த தாங்சுயுக் என்னும் கறித்துண்டுகள். இரண்டிலும் பன்றிக்கறி உண்டு. நான் அதைச் சாப்பிடுவதில்லை. நான் வெறும் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், குழுவின் மூத்த மாணவர் ஒருவர் ஒருநாள் தாங்சுயுக்குக்குப் பதிலாகக் கன்புங்கி சொன்னார். அதன் விலை ஜாஜாங்மியோனைப் போலப் பல மடங்கு என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அதற்குள் அது குழுவின் வழக்கமாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொரியாவில் ஏப்ரல் 14 ‘கருப்பு நாள்’. காதலர் நாளிலும் அதற்கடுத்த மாதமும் பரிசு எதுவும் கிடைக்காத தனியர்கள் அன்று ஒன்றுகூடி ஜாஜாங்மியோன் சாப்பிடுவார்கள். 2015இல் அதே நாளில் நமக்கு மன்மத ஆண்டு பிறந்தது. வீட்டில் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடியை எல்லாரும் நக்கிக்கொண்டிருந்த வேளையில், நான் கறுப்பு நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்த நண்பர்களின் நடுவே உட்கார்ந்து, என் பங்குக் கன்புங்கியில் புளிப்பு, இனிப்பு, காரம் என ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். கசப்பு மட்டும் இல்லை; கருகிய காய்ந்த மிளகாயைக் கடித்தபோது அதுவும் கிடைத்துவிட்டது.

இந்த உணவு கொரியாவுக்குள் நுழைந்த வாசலே இன்சியோன்தான். 1882ஆம் ஆண்டு சியோலில் படைவீரர்கள் கலகம் செய்தபோது சீனாவின் சிங் அரசு தன் படையை அனுப்பியது. படையைத் தொடர்ந்து வணிகர்களும் வந்தார்கள். அடுத்த ஆண்டே இன்சியோன் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட, 1884இல் சீனர்களுக்கு அங்கே தனிக் குடியிருப்புப் பகுதி ஒதுக்கப்பட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் மஞ்சள் கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஷான்டோங் மாகாணத்தவர்கள். இன்சியோன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே நிற்கும் அலங்கார வளைவுக்குள் நுழைந்து மேட்டில் ஏறினால், பழைய கோங்ஹ்வாச்சுன் உணவகம் இருந்த கட்டடத்தை இப்போதும் பார்க்கலாம். 2012 முதல் அது ஜாஜாங்மியோன் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரு நூடுல்ஸுக்கு அருங்காட்சியகம் வைக்கும் ஊர் எனக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

கன்புங்கியின் பெயரில் மூன்று சீன எழுத்துகள் இருக்கின்றன. முதலாவது உலர்ந்தது என்றும், மூன்றாவது கோழி என்றும் பொருள்படும். அவற்றைக் கொரியர்கள் தங்கள் மரபுப்படி வாசித்தால் ஏறக்குறைய ‘கொன்பேங்கே’ என்று வர வேண்டும். ஆனால் அங்கே குடியேறிய ஷான்டோங்காரர்களின் வாயில் ஒலித்தபடியே பெயர் நிலைத்துவிட்டது. நடுவில் நிற்கும் எழுத்துதான் சமையலுக்கு முக்கியம். பொதுவாகச் சமைத்தல் என்று பொருள்பட்டாலும், அந்தச் சமையல்காரர்களிடம் அது ஒரு தனி முறையைக் குறிக்கும்: முதலில் எண்ணெயில் வறுத்தெடுத்துவிட்டு, காய்ந்த இரும்புச் சட்டியில் திரும்பப் போட்டு, மாவு சேர்க்காத சிறிதளவு சாற்றை அதன்மேல் விசிறி, அது பொருளுக்குள் இறங்கியும் ஆவியாகியும் மறையும்வரை புரட்டுவது. ஆக, செய்முறை முழுவதும் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இதே குடும்பத்தில் ராஜோகி என்று ஒரு கோழி உண்டு, அதன் காரச் சாறு கெட்டியாக வழியும். யூரிங்கி என்று ஒன்று உண்டு, கீரை இலைகளின்மேல் பரப்பிய வறுத்த கோழிக்குப் புளிப்புச் சாற்றை மேலே ஊற்றித் தருவார்கள். கன்புங்கி மட்டும் உலர்ந்தது. தாங்சுயுக்குக்குச் சாற்றை மேலே ஊற்றுவதா, தொட்டுக்கொள்வதா என்று கொரியர்கள் கட்சி கட்டிச் சண்டையிடுவதுண்டு. கன்புங்கியின் முன்னால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஊருக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து இங்கே முதல்முறை செய்தபோது, எனக்கு வந்தது சில்லி சிக்கன். கறியை மைதாவிலும் கார்ன்ஃப்ளவரிலும் முட்டையிலும் புரட்டி வறுத்து, சோயா சாஸும் வினிகரும் ஊற்றிக் கிளறினேன். இரண்டே நிமிடத்தில் மேல்தோல் ஊறி வழவழத்துப் போனது. சாப்பிட்டுப் பார்த்த என் கணவர், “நம்ம பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கிடைக்கிற மாதிரியே இருக்கு” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். கோதுமை மாவில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வறுத்த சூட்டில் மொறுமொறுப்பாக இருந்தாலும் சற்று நேரத்தில் தோல்போலத் துவண்டுவிடும். கல்லூரியில் வேதியியல் நடத்துகிற நான் அதைச் சட்டியில் போடுவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் மைதாவை நீக்கிவிட்டு வெறும் கார்ன்ஃப்ளவரில் செய்தேன். மொறுமொறுப்பு வந்தது, ஆனால் கண்ணாடிச் சில்லுபோல விறைத்த மொறுமொறுப்பு. என் மகன் அண்ணத்தைக் கீறிக்கொண்டான். கொரியச் சமையலறைகளில் இதற்குப் போடுவது உருளைக்கிழங்கு மாவுச்சத்து. தருமபுரிக் கடைகளில் அதைக் கேட்டபோது ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். இணையத்தில் தேடி, உருளைக்கிழங்கு மாவு என்று போட்டிருந்த ஒரு பொட்டலத்தை வரவழைத்தேன். வந்தது மாவுச்சத்து அன்று. கிழங்கை வேகவைத்து உலர்த்தி அரைத்த பொடி. நீரில் கலந்தவுடன் களியாக இறுகி, கறியில் ஒட்டாமல் கையில் ஒட்டி, எண்ணெயில் விழுந்ததும் கருகியது. விற்றவர்கள் பொட்டலத்தின்மேல் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள், படிக்காதது என் குற்றம் என்றாலும், திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

வீம்பு வந்துவிட்டால் நான் அளவோடு நிற்கிறவள் அல்லள். மூன்றாம் வாரம் சந்தையில் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு வாங்கி, தோல் சீவி, துருவி, தண்ணீரில் அலசித் துணியில் கட்டிப் பிழிந்து, பிழிந்த நீரைக் குண்டானில் தெளியவிட்டேன். மூன்று மணி நேரத்தில் அடியில் வெள்ளையாக ஒரு படலம் உறைந்திருந்தது. மேல்நீரை இறுத்து, மறுபடி நல்ல நீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட்டு, உலர்த்தி நிறுத்துப் பார்த்தபோது 180 கிராம் இருந்தது. மிச்சத் துருவலை அடைமாவில் கலந்து மூன்று நாள் சாப்பிட்டோம். ஆனால் அன்று வறுத்த கோழி, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முதலாக இன்சியோனை நினைவூட்டியது. ரகசியம் மிளகாயிலோ சாஸிலோ இல்லை, மாவில்தான் இருக்கிறது என்பது உறுதியானது. ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோ கிழங்கைத் துருவ என் தோள் இடம் கொடுக்காது என்பதும் உறுதியானது.

குண்டானைச் சாய்த்து நான் நீரை இறுத்துக்கொண்டிருந்தபோது அத்தை பின்னால் வந்து நின்றிருக்கிறார். என் கணவரின் அம்மா. பிறந்த வீடு பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். குனிந்து, அடியில் உறைந்திருந்த மாவை ஒரு விரலால் அழுத்தினார். கல்போல இறுகி நின்ற மாவு, விரலை எடுத்தவுடன் இளகி, விரல் பதிந்த குழியை மெல்ல மூடிக்கொண்டது. ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் கட்டியாக இருந்தது, கையை விரித்ததும் பால்போல விரலிடுக்கில் வழிந்தது. சிரித்துவிட்டார். “இதுக்கா கண்ணு இத்தனை பாடு? எங்கூரு மில்லுல தொட்டி தொட்டியா இதுதானே கெடக்கும்?” என்றார்.

அவர் சொன்னது சேகோ மில், அதாவது குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கும் ஆலை. சேலத்திலும் தருமபுரியிலும் நாங்கள் குச்சிக்கிழங்கு என்று சொல்வதை மற்ற ஊர்களில் மரவள்ளி என்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மலாயா பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோக, 1943ஆம் ஆண்டளவில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் இந்தத் தொழிலைத் தொடங்கினார் என்பது சேலத்துக்காரர்கள் பலரும் அறிந்த வரலாறு. அப்போது தருமபுரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது; 1965இல்தான் தனி மாவட்டமானது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் உருவானபோது அத்தைக்குத் திருமணமாகிவிட்டது. அவருடைய நினைவில் இருப்பது அதற்கும் முந்தைய மில். முள்ளுவாடி, குங்குமரோஸ் என்று ரகம் பிரித்துக் கிழங்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் அப்பாவோடு சிறுமியாக அவரும் போவாராம். கிழங்கைக் கழுவித் தோல் உரித்து அரைத்து, சல்லடையில் வடித்த பாலைத் தொட்டிகளில் விட்டுவிடுவார்கள். சில மணி நேரத்தில் மாவு அடியில் தங்கி, மேல்நீர் தெளிந்து நிற்கும். நீரைத் திறந்துவிட்டு, இறுகிய மாவை மண்வெட்டியால் வெட்டி எடுப்பார்கள். அது ஜவ்வரிசிக்குப் போனால் தூளியில் உருண்டு மணியாகி வறுபடும். ஸ்டார்ச்சுக்குப் போனால் களத்தில் வெயிலில் காயும். வெட்டி எடுக்கும்போது இறுக்கமாக இருக்கும், கூடையில் போட்டால் இளகும் என்று அவர் கையால் காட்டியபோது, கொரியாவில் சீனச் சமையல்காரர்கள் தினமும் செய்கிற வேலையின் பெரிய வடிவம் என் கண்முன் நின்றது. அவர்களும் மாவைக் காய்ந்த பொடியாகப் பயன்படுத்துவதில்லை. தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, நீரை இறுத்துவிட்டு, அந்த ஈர மாவில்தான் கறியைப் புரட்டுகிறார்கள். நம் வீடுகளிலும் கோதுமைப் பால் அல்வாவுக்கு இப்படித்தான் தெளிய வைப்போம். நான்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும்: இதைப் படித்துவிட்டு யாரும் தோட்டத்துக் குச்சிக்கிழங்கைப் பிடுங்கி வீட்டில் மாவு எடுக்க முயல வேண்டாம். ஆலைக்குப் போகும் கசப்பு ரகங்களில் சயனைடு வெளியிடும் சேர்மங்கள் மிகுதி. அரைத்துப் பலமுறை அலசுவதால்தான் மாவு அவற்றிலிருந்து நீங்கித் தூய்மையாகிறது.

அத்தையின் அண்ணன் மகன் அடுத்த வாரமே ஐந்து கிலோ ஸ்டார்ச் மாவைப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். கையில் எடுத்தால் கிரீச்சென்று சத்தமிடும் அளவுக்கு மென்மையான, பூசினாற்போன்ற வெள்ளை மாவு. அதைத் தனியாகப் போட்டு நான்காம் முறை செய்தபோது நடந்ததை அடுப்படிச் சுவரில் இன்னும் பார்க்கலாம். எண்ணெயில் விழுந்த துண்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே உருண்டையாகின. பிரிக்கப் போனால் மேல்தோல் வடாம்போல ஊதி வெடித்துத் தெறித்தது. வாயில் போட்டால் மேலே மொறுமொறுப்பும் அதற்கடியில் சவ்வுமாக இழுத்தது. சவ்வு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கன்புங்கி இழுக்கக் கூடாது, உடைய வேண்டும்.

மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. கிளையில்லாத அமைலோஸ் கூடினால் வறுத்த தோல் விறைத்து உடையும். கிளைத்த அமைலோபெக்டின் கூடினால் ஊதும், இழுக்கும். மக்காச்சோள மாவான கார்ன்ஃப்ளவரில் அமைலோஸ் ஏறக்குறைய நூற்றுக்கு 25 பங்கு, குச்சிக்கிழங்கு மாவில் 17 பங்கு அளவில் இருக்கும். உருளைக்கிழங்கு இரண்டுக்கும் இடையில் 20ஐ ஒட்டி நிற்கிறது. கரும்பலகையில் ஆண்டுக்கு ஒருமுறை எழுதிப் போடுகிற எண்கள்தாம் இவை. இடையில் நிற்பதைப் பிடிக்க வேண்டுமானால் இரண்டையும் கலக்க வேண்டும் என்பது அடுப்படியில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மணிகளின் அளவு முதலான மற்றவற்றிலும் இவை வேறுபடுவதால் கலவை அப்படியே உருளைக்கிழங்கு ஆகிவிடாது. ஆனாலும் மூன்று பங்கு குச்சிக்கிழங்கு மாவுக்கு ஒரு பங்கு கார்ன்ஃப்ளவர் என்ற கணக்கு நாக்குக்குச் சரியாக வந்தது.

இப்போது நான் செய்வது இப்படி. 150 கிராம் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச்சையும் 50 கிராம் கார்ன்ஃப்ளவரையும் இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, காலையிலேயே மூடி வைத்துவிடுகிறேன். குறைந்தது இரண்டு மணி நேரம் அசைக்கக் கூடாது. கறிக்கடை பாயிடம் எலும்பு நீக்கிய தொடைக்கறி என்று சொல்லி வைக்க வேண்டும். நெஞ்சுக்கறி எளிதாகக் கிடைக்கும் என்றாலும் இருமுறை வறுபடுவதைத் தாங்காமல் வறண்டுவிடும். “காலுல எலும்பு எடுத்தா பாதி எடைதான் மேடம் நிக்கும், அப்புறம் எங்கிட்ட கேக்கக் கூடாது” என்று பாய் முதல் நாள் எச்சரித்தார். பாதி என்பது மிகை, ஆனால் குறையத்தான் செய்கிறது. 600 கிராம் கறியைப் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு நறுக்கி, முக்கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி இஞ்சிச்சாறு சேர்த்து அரை மணி நேரம் வைக்கிறேன். பிறகு மாவின் மேல்நீரை முழுவதும் இறுத்துவிட்டு, இறுகிய மாவைக் கையால் கிளறி, ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் இரண்டு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்து, அதில் கறியைப் பிசைகிறேன். வேகமாகப் பிசைந்தால் கலவை இறுகிக் கையை எதிர்க்கும். மெதுவாகப் பிசைந்தால் வழிவிடும். இதில் அவசரம் நடக்காது.

வறுப்பதற்குச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைத்தான் முதலில் ஊற்றினேன். தருமபுரியில் இருந்துகொண்டு வேறு எண்ணெய் தேடுவானேன் என்ற எண்ணம். இந்தச் சூட்டுக்கு அது நுரைத்துப் பொங்கிப் புகைகிறது. கடலை மணம் பூண்டு மணத்தை மூடிவிடுகிறது. சுத்திகரித்த எண்ணெய் போதும். இரும்பு வடச்சட்டியில் எண்ணெய் 165 பாகையை எட்டியதும் துண்டுகளை ஒவ்வொன்றாக, சட்டியின் வெவ்வேறு பக்கங்களில் விட வேண்டும். அரை நிமிடம் கரண்டி போடவே கூடாது, மேல்தோல் இறுகிய பிறகு ஒட்டியவற்றை மெல்லப் பிரித்துவிடலாம். நான்கு நிமிடத்தில், நிறம் ஏறாமல் வெளுப்பாக இருக்கும்போதே, ஜல்லிக் கரண்டியால் அள்ளி எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மேல்தோலுக்கு வந்து சேர்கிறது. எண்ணெயை 185 பாகைக்கு ஏற்றி இரண்டாம் முறை ஒன்றரை நிமிடம் போடும்போது அந்த ஈரம் ஆவியாகி ஓடுகிறது. சடசடவென்று கேட்கும் சத்தம் குறைந்து, எண்ணெய் அமைதியாவதைக் காதால் கேட்டே எடுத்துவிடலாம். வெப்பமானி இருந்தும் நான் இப்போது காதைத்தான் நம்புகிறேன்.

சாற்றில்தான் ஊர்ப்பற்று என்னை இருமுறை ஏமாற்றியது. புளிக்குப் பேர்போன மாவட்டத்தில் வினிகர் எதற்கு என்று புளிக்கரைசலை ஊற்றினேன். நிறம் கறுத்து, கோழி புளிக்குழம்பை நோக்கி நகரத் தொடங்கியது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் சட்டியிலேயே தங்கிவிடும். வினிகரின் அசெட்டிக் அமிலமோ சூட்டில் ஒரு பகுதி ஆவியாகப் போய், மூக்கில் ஏறுகிற கடுமையை விட்டுவிட்டு மெல்லிய புளிப்பை மட்டும் வைத்துப் போகும். அடுத்தது நல்லெண்ணெய். கொரியர்கள் இறுதியில் ஓரிரு துளி எள்ளெண்ணெய் விடுவார்கள் என்று நானும் விட்டேன். தோசைப்பொடி வாசம் வந்தது. அவர்கள் எள்ளை நன்றாக வறுத்த பிறகே எண்ணெய் எடுக்கிறார்கள். நம் செக்கில் பச்சை எள்ளைக் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறார்கள். இரண்டும் எள்தான், இரண்டும் வேறு. ஆகவே ஒரு தேக்கரண்டி எள்ளைச் சிவக்க வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக நசுக்கி, இறக்கும்போது தூவிவிடுகிறேன்.

ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு மேசைக்கரண்டி வினிகர், ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஆகியவற்றைச் சர்க்கரை கரையும்வரை கலக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் மட்டும் நிறுத்தி, ஆறு நீட்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டு, அவை கறுக்கும் முன்பே பொடியாக நறுக்கிய எட்டுப் பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, இரண்டு பச்சை மிளகாய், அரைக் குடைமிளகாய் எல்லாவற்றையும் சேர்த்து, அரை நிமிடத்துக்குமேல் வதக்காமல், சாற்றைச் சட்டியின் நடுவில் ஊற்றாமல் காய்ந்த ஓரத்தில் சுற்றி விட வேண்டும். சீறிக்கொண்டு ஆவி எழும். பாதி வற்றியதும் கோழியைப் போட்டு, பெருந்தீயில் இருபதெண்ணும் நேரம் தூக்கிப் புரட்டி இறக்கிவிட வேண்டும். இந்த இடத்தில் கார்ன்ஃப்ளவர் கரைத்து ஊற்றக் கை தானாக நீளும். நம் ஊர்ச் சீனச் சமையல் பழக்கிய கை அது. ஊற்றினால் மறுபடி சில்லி சிக்கன்தான்.

சென்ற ஞாயிறு அத்தைக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவருக்கு மதியம் கேழ்வரகுக் களி இல்லாமல் ஆகாது, களி உருண்டைக்குப் பக்கத்தில் கன்புங்கியை வைத்ததும், “குழம்பு எங்க கண்ணு?” என்றார். இதில் குழம்பு கிடையாது அத்தை, அதுதான் இதன் பெயரே என்றேன். ஒரு துண்டைக் கடித்தார். சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொன்று எடுத்தார். “நம்ம மில்லு மாவா இது?” என்று மட்டும் கேட்டுவிட்டு, களிக்கு முந்தின நாள் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு, கோழியைத் தனியாகக் கடித்துக்கொண்டே சாப்பிட்டார். என் மகன் மிளகாயைப் பொறுக்கித் தட்டோரம் வைத்தான். கணவர் இம்முறை பஸ் ஸ்டாண்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. அந்த உணவகங்களின் அடுப்பில் தீ சட்டியின் உயரத்துக்கு எழும். எண்ணெய்த் துளிகள் அந்தத் தீயில் பற்றி எரிவதால் வரும் புகைமணத்தைக் கொரியர்கள் தீச்சுவை என்கிறார்கள். வீட்டு எரிவாயு அடுப்பில் அது வரவில்லை. கொல்லையில் விறகடுப்பு ஒன்று கிடக்கிறது. குளிருக்கு வெந்நீர் போடுவதற்கு மட்டும் பயன்படுகிறது. அதில் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறேன். நேற்று மாவுப் பையைத் தேடியபோது காணவில்லை. மாடியில் போய்ப் பார்த்தால், மிச்சமிருந்த மாவு முழுவதையும் கூழ் காய்ச்சி, சீரகமும் பச்சை மிளகாயும் போட்டு, வேட்டித் துணியில் வரிசை வரிசையாக வடாம் ஊற்றிவிட்டு, அத்தை கையில் குச்சியோடு காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.